செந்தேளும் சாம்பர மடையும்

(நாமக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றில், உழவரும் ஆசிரியரும் மாணவரும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



நரம்பின் மின்மடைகளைப் பற்றிப் பேசப்போகின்றேன் என்றவுடன், வரும் வழியிலேயே ஒரு பெரியவர் என்னை மறித்து, "இந்தக் கல்லாங்காட்டில் இப்பேச்சு எவருக்கு ஐயா வேண்டும்?" என்று கேட்டார். அவர் கேட்டது முறையே. அவருக்குரிய விடையை முதற்கண் கூறிவிட்டுப் பின்னரே பொருளுக்குள் புகுவேன்.

எனக்குப் பதினோர் அகவை இருக்கும். எங்கள் களத்தில் நிலக்கடலைக் கொடிப்போரைப் பிரித்துக்கொண்டிருந்தனர். உடன் விளையாடிக்கொண்டிருந்த என் தங்கையின் காலில் செந்தேள் ஒன்று கொட்டிற்று. அவளுக்கு ஆறு அகவை. வீரிட்டு அழுதாள். வேப்பிலை கொண்டு மந்திரிக்க ஆள் வந்தார். ஒரு நாழிகையில் அழுகை அடங்கிற்று. "நஞ்சு இறங்கிவிட்டது" என்றனர், நாங்களும் நம்பினோம். ஆனால் அவள் உடல் மழையில் நனைந்தாற்போல் வியர்த்தது. வாந்தி எடுத்தாள். கையும் காலும் சில்லிட்டன. நள்ளிரவில் மூச்சு இரைத்தது; வாயில் நுரை கண்டது. வண்டி பூட்டினோம். விடியுமுன் வழியிலேயே அவள் உயிர் பிரிந்தது.

அழுகை அடங்கியது நஞ்சு இறங்கியதனால் அன்று. நஞ்சு உள்ளே தன் வேலையைத் தொடங்கியிருந்த பொழுது அது என்பதைப் பல்லாண்டு கழித்தே யான் கற்றறிந்தேன். தோழர்களே, அச்செந்தேள் என் தங்கையின் உடலில் தாக்கியது எதனைத் தெரியுமா? இன்று யான் பேச வந்த மின்மடைகளையே. இப்பேச்சு எவருக்கு வேண்டும் என்பதற்கு இதுவே என் விடை.

இனிப் பொருளுக்கு வருவோம்.

மரவள்ளிக்கிழங்கு திரளவேண்டும் என்று நீங்கள் பொட்டாசு உரம் இடுகின்றீர்கள் அல்லவா? பானையில் காய்ச்சி எடுத்த சாம்பல் என்பதே அப்பெயரின் மூலப்பொருள். மேலைநாட்டார் விறகுச் சாம்பலை நீரிற் கரைத்துப் பானையிற் சுண்டவைத்து எடுத்த உப்பிலிருந்து பெயர்பெற்றதே பொட்டாசியம் என்னும் தனிமம். சாம்பலிற் பிறந்த பெயராகலின் அதனைச் 'சாம்பரம்' என்போம். சோற்றுப்பில் உள்ள சோடியத்தை 'உவர்மம்' என்போம். இவ்விரு சொற்களும் நினைவில் நிற்கட்டும். இவ்வுரை முழுவதும் இவ்விரண்டும் வரும்.

நம் உடல், கண்ணறைகளால் ஆனது. பாடநூல்கள் உயிரணு என்று கூறுவதும் இதனையே. ஒவ்வொரு கண்ணறையும் ஒரு மெல்லிய சவ்வுக்குள் அடங்கியுள்ளது. சவ்வின் உட்புறத்தே சாம்பரம் மிகுதி. வெளிப்புறத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு. உவர்மமோ வெளிப்புறத்தே மிகுதி, உட்புறத்தே குறைவு. இவ்வேற்றுமை தானே அமைந்ததன்று. நம் முன்னோர் கிணற்றுமேட்டில் எருது பூட்டிக் கவலை இறைத்தாரே, அதுபோல் சவ்வில் உள்ள ஏற்றங்கள் அல்லும் பகலும் இறைத்துக்கொண்டேயிருக்கின்றன. ஒரு முறை இறைக்கும்போது மூன்று உவர்மத் துகள்கள் வெளியே செல்லும். இரண்டு சாம்பரத் துகள்கள் உள்ளே வரும். இதனை 1957ஆம் ஆண்டு கண்டு வெளியிட்டவர் தேன்மார்க்கு நாட்டு இசுகௌ என்பார்.

கவலை இறைத்துத் தொட்டி நிரப்பியபின் நீர் பாய்வதற்கு மடை வேண்டுமன்றோ? சவ்விலும் மடைகள் உள. உவர்மத்திற்கு ஒரு மடை. சாம்பரத்திற்கு ஒரு மடை. இம்மடைகளைத் திறப்பது எவர் கை? மின்னழுத்தத்தின் கை.

ஓய்ந்திருக்கும் நரம்பின் உட்புறம், வெளிப்புறத்தை நோக்க, ஆயிரத்தில் எழுபது வோல்ட்டு அளவு எதிர்மின் தன்மையோடு இருக்கும். கைவிளக்கில் இடும் மின்கலத்தில் இருபதில் ஒரு கூறு இது. மிகச் சிறிது என்று எண்ணற்க. சவ்வின் தடிப்போ, ஒரு மில்லிமீட்டரை இரண்டு நூறாயிரம் கூறிட்டால் வரும் ஒரு கூறு. அத்துணை மெல்லிய சுவருக்கு அவ்வழுத்தம் மிகப் பெரிது.

நரம்பில் செய்தி ஓடும்போது நிகழ்வது இது. முதலில் உவர்ம மடைகள் திறக்கும். உவர்மம் உள்ளே பாயும். உட்புறம் நேர்மின் தன்மை கொள்ளும். ஆயிரத்தில் ஒரு நொடி அளவில் அம்மடைகள் தாமே அடைபடும். அதற்குள் சற்றே மெத்தனமான சாம்பர மடைகள் திறந்துவிடும். சாம்பரம் வெளியே பாயும். உட்புறம் பழைய எதிர்மின் நிலைக்குத் திரும்பும். உவர்மம் செய்தியைத் தொடங்கி வைப்பது. சாம்பரம் அதனை முடித்து வைப்பது. தொடங்கியதை முடித்து வைக்க ஆளில்லாவிடில் என்னாகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இவ்வுண்மையை அளந்து நிறுவியவர் ஆங்கிலேய அறிஞர்களாகிய ஆட்சுகினும் அக்சுலியும். கணவாய் மீனின் பருத்த நரம்பில் மின்கம்பி செலுத்தி அளந்து, 1952ஆம் ஆண்டு வெளியிட்டனர். 1963ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றனர். அவர்கள் காலத்தில் மடையைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். எனினும், சாம்பரம் பாயத் தொடங்கும்போது உடனே பாயாமல் சற்றுத் தயங்கிப் பின் விரைவதை நோக்கி, நான்கு தனித்தனி உறுப்புகள் ஒருங்கே அசைந்தாலன்றி மடை திறவாது எனக் கணக்கிட்டுரைத்தனர். நான்கு தாழும் நீக்கினாலன்றிக் கதவு திறவாமைபோல என்க. அரை நூற்றாண்டு கழித்து மடையின் வடிவத்தை நேரிற் கண்டபோது, அது நான்கு கூறுகள் கூடியமைந்தது என்பது கண்கூடாயிற்று.

மடை எவ்வாறு திறக்கின்றது? நான்கு கூறுகளும் புரதத்தால் ஆனவை. ஒவ்வொன்றும் சவ்வை ஆறு முறை ஊடுருவி நிற்கும். அவ்வாறனுள் நான்காவது தண்டில் நேர்மின் முளைகள் வரிசையாக அமைந்துள்ளன. நரம்பு ஓய்ந்திருக்கையில் உட்புறத்து எதிர்மின் அத்தண்டுகளை உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும், மடைவாய் மூடிக்கிடக்கும். உட்புறம் நேர்மின் தன்மை அடைந்தவுடன் தண்டுகள் வெளிநோக்கித் தள்ளப்படும். அவற்றோடு பிணைந்த நெம்புகோல் போன்ற இணைப்புகள் நகரும். உள்வாயை நெருக்கிக்கொண்டிருந்த தண்டுகள் விலகும், மடை திறக்கும். இது திறப்பு.

உட்புறம் மீண்டும் எதிர்மின் நிலைக்கு வந்தால், நான்காம் தண்டுகள் தம் பழைய இடத்திற்கு இழுக்கப்படும். உள்வாய் நெருங்கி மூடும். இது மூடல். எந்தக் கை திறந்ததோ அந்தக் கையே மூடுகின்றது.

திறந்த மடையில் சாம்பரம் மட்டும் செல்கின்றது. அதனினும் சிறிய உவர்மம் செல்லவில்லை. இது சல்லடைக்கு மாறான செய்தி அன்றோ? சல்லடையில் சிறியது விழும், பெரியது தங்கும். இங்கே பெரியது போகும், சிறியது தங்கும்! கரணியம் கேளுங்கள். நீரிலுள்ள துகள் ஒவ்வொன்றும் நீர்மூலக்கூறுகளைப் போர்வையாகப் போர்த்தியிருக்கும். மடையின் குறுகிய பகுதிக்குள் போர்வையோடு புக இயலாது. அங்கே சுவரிலுள்ள உயிர்வளி முனைகள், நீர்ப்போர்வை சாம்பரத்தை எவ்வாறு சூழ்ந்திருந்ததோ அதே இடைவெளியில் நிற்கின்றன. எனவே சாம்பரம் போர்வையைக் களைந்தும் இழப்பின்றி நுழைகின்றது. சிறிய உவர்மத்திற்கோ அம்முனைகள் எட்டாத் தொலைவு. போர்வையைக் களைய அதற்கு ஊதியம் இல்லை. இவ்வளவு தேர்ந்து விடுத்தும், நொடிக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட துகள்களைக் கடத்தும் சாம்பர மடைகள் உள. 1998ஆம் ஆண்டு மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றன் சாம்பர மடையின் வடிவத்தைக் கண்டு இதனை விளக்கிய அமெரிக்க அறிஞர் மெக்கின்னன், 2003ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

இனி மூன்றாவது நிலை. இதுவே நுட்பமானது. மடை திறந்திருக்கும், திறந்து வைத்த அழுத்தமும் மாறாமல் இருக்கும், ஆயினும் பாய்ச்சல் நின்றுவிடும். நம் ஏரி மதகை எண்ணுக. கதவை இறக்கினால் நீர் நிற்கும், அது மூடல். கதவு ஏறியே இருக்க, கட்டையொன்று உருண்டுவந்து வாயில் அடைத்துக்கொண்டாலும் நீர் நிற்கும். அதனை மூடல் என்போமா? தூர்ந்தது என்போம். மடையின் இந்நிலைக்குத் 'தூர்வு' என்று பெயரிடுவோம்.

தூர்வு எவ்வாறு நிகழ்கின்றது என்பதைக் காட்டியது ஒரு சிறு பழ ஈ. மயக்கமருந்தின் ஆவி பட்டால் கால்களை உதறும் ஈ வகை ஒன்று உண்டு. அதன் பழுதுற்ற மரபுக்கூறு 1987ஆம் ஆண்டு இனங்காணப்பட்டது. அது சாம்பர மடையை அமைக்கும் கூறாக இருந்தது. அம்மடையின் புரத நுனியில், ஏறத்தாழ இருபது அமினோக் காடிகள் ஒரு குமிழ்போல் திரண்டு, கயிறு போன்ற எஞ்சிய பகுதியால் தொங்கிக்கொண்டிருக்கின்றன. மடை திறந்தவுடன் குமிழ் உட்புறமிருந்து வந்து வாயில் செருகிக்கொள்ளும். 1990ஆம் ஆண்டு ஆய்வாளர் அந்நுனியை வெட்டினர். மடை திறந்தது, ஆனால் விரைந்து தூரவில்லை. பின்னர் அக்குமிழை மட்டும் தனியே செய்து உட்புறத்தே இட்டனர், தூர்வு மீண்டது! கட்டறுந்த குமிழும் தன் வேலையைச் செய்தது. நம் பழைய ஏரிகளில் குமிழித்தூம்பு அமைத்த கல்தச்சர் இதனைக் கேட்டிருந்தால் முறுவலித்திருப்பர்.

இங்கு ஒன்று கருதுக. குமிழ் செருகியிருக்கும்போது கதவை நெருக்கி மூட இயலாது. வாயிற்படியில் கால் வைத்தவன் இருக்கக் கதவைச் சாத்த இயலாதவாறு போல. குமிழ் விலகினால்தான் மடை மூடும். மூடினால்தான் மறுமுறை திறக்க அணியமாகும். குமிழ்த்தூர்வன்றி, மடையின் வெளிவாய்க் குறுக்கம் தானே வடிவு திரிந்து மெல்லத் தூர்வதும் உண்டு. எல்லாச் சாம்பர மடைகளும் ஒரே விரைவில் தூர்வதில்லை. அந்தந்த நரம்பின் வேலைக்கு ஏற்ப வகைவகையாக அமைந்துள்ளன.

தோழர்களே, இத்துணை நுட்பத்தையும் மாந்தர் அறிவதற்குத் துணைநின்ற உயிர் எது? தேள்! மேலையாசியப் பாலைத்தேள் ஒன்றன் நஞ்சு சாம்பர மடையை அடைப்பது 1985ஆம் ஆண்டு வெளியாயிற்று. நஞ்சின் ஒரே ஒரு மூலக்கூறு ஒரு மடையின் வெளிவாயில் பொருந்தி, தன் நேர்மின் முனை ஒன்றைச் சாம்பரத் துகள்போல் உள்ளே நீட்டி வழியை அடைத்துவிடுகின்றது. அந்நஞ்சு ஒட்டும் இடத்தைத் தேடியே ஆய்வாளர் மடைவாயைக் கண்டுபிடித்தனர். நஞ்சு ஒட்டும் கூறுகளையும் ஒட்டாக் கூறுகளையும் கலந்து மடை செய்து, அடைபடும் அளவைக் கணக்கிட்டு, ஒரு மடைக்கு நான்கு கூறுகள் என 1991ஆம் ஆண்டு எண்ணிக் காட்டியவரும் மெக்கின்னனே. கொல்லும் நஞ்சு அளவுகோலாயிற்று.

இப்பொழுது நம் செந்தேளுக்கு வருவோம். அறிவியலுலகில் இதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'தமூலசு'. 1798ஆம் ஆண்டு தேன்மார்க்கு நாட்டுப் பூச்சியறிஞர் பெப்ரீசியசு இட்டது. தமிழ் என்பதன் இலத்தீன் திரிபே அது. இந்தியாவின் பல பகுதிகளிலும் யாழ்ப்பாணத்திலும் இது வாழ்கின்றது. நம் பெயரைத் தாங்கி உலக நூல்களில் உலவும் இவ்வுயிரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது எவ்வளவு? பெயர் நமது, கொட்டுப்படும் கால் நமது, இறக்கும் குழந்தை நமது, அறிவு மட்டும் பிறர் மொழியிலா? இதனைப் பிறரைக் குறைகூறுதற்காகச் சொல்லவில்லை. நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதற்காகச் சொல்கின்றேன்.

செந்தேளின் நஞ்சு ஒரு பொருளன்று. பல பொருட்களின் கலவை. அவற்றுள் ஒரு கூட்டம் உவர்ம மடைகளைத் தாக்கும். திறந்த உவர்ம மடை உரிய பொழுதில் தூரவேண்டும் என்றேன் அல்லவா? அதனைத் தூரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கூட்டம் சாம்பர மடைகளை அடைக்கும். 1990ஆம் ஆண்டு இந்நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த ஐபீரியோத்தாக்சின் என்பது முப்பத்தேழு அமினோக் காடிகளால் ஆனது. மின்னழுத்தத்தோடு சுண்ணகத்தையும் உணரும் பெரிய சாம்பர மடையை அடைப்பது. உலகின் ஆய்வுக்கூடங்களில் இன்றும் ஒரு கருவியாகப் பயன்படுகின்றது. தமாப்பின், தமூலசுத்தாக்சின் என்று செந்தேளின் பெயரையே தாங்கிய சாம்பர மடை நஞ்சுகளும் பின்னர்க் கண்டறியப்பட்டன.

இப்பொழுது கூட்டிப் பாருங்கள். தொடக்குபவன் நிறுத்தமாட்டேன் என்கின்றான். முடிப்பவனின் கையும் கட்டப்படுகின்றது. நரம்பு ஓயாமல் செய்தி விடுத்துக்கொண்டேயிருக்கும். அச்சமுற்றபோது உடல் சுரக்கும் ஊக்குநீர் வெள்ளமெனப் பெருகும். வியர்வை கொட்டும்; வாந்தி வரும். குருதிக் குழாய்கள் சுருங்கும். அதனாற் கைகால் சில்லிடும். சுருங்கிய குழாய்களை எதிர்த்து நெஞ்சாங்குலை முட்டி முட்டித் தளரும். நுரையீரலில் நீர் கோக்கும், மூச்சிரைக்கும், நுரை தள்ளும். என் தங்கை பட்டது இதனையே. அவ்வொவ்வொரு குறிக்கும் ஒவ்வொரு கரணியம் இருந்தது. அவற்றைப் படிக்க அன்று எங்கள் வீட்டில் எவருமிலர்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. மகாராட்டிரத்தின் மகாடு என்னும் சிற்றூரில் தொழில் நடத்திய மருத்துவர் இம்மத்துராவ் பாவசுகர், தேள்கடியுற்ற உழவர் குழந்தைகளை இரவெல்லாம் உடனிருந்து நோக்கினார். சுருங்கிய குருதிக்குழாயை நெகிழ்த்தும் பிரசோசின் என்னும் மாத்திரையை 1980களில் கொடுத்துப் பார்த்தார். கடுமையாக நஞ்சேறியவருள் நாலில் ஒருவர் இறந்த நிலை மாறி, சாவு நூற்றுக்கு நான்கினும் குறைந்தது. அம்மாத்திரை மடையைத் திருத்துவதன்று. மேல்மடை உடைந்து வெள்ளம் வரும்போது, கீழே வயலின் வரப்பைக் காப்பதுபோல், ஊக்குநீர் போய்த் தாக்கும் இடத்தை மறைத்து நிற்பது. 2011ஆம் ஆண்டு வெளியான அவர் ஆய்வில் எழுபது பேரை இரு கூறாக்கினர். முறிமருந்தும் பிரசோசினும் சேர்த்துப் பெற்ற முப்பத்தைவருள் முப்பத்திருவர் பத்து மணிநேரத்தில் தேறினர். பிரசோசின் மட்டும் பெற்ற முப்பத்தைவருள் அவ்வளவில் தேறியவர் எண்மர். 2022ஆம் ஆண்டு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது. பெருநகர ஆய்வுக்கூடத்தில் அன்று, சிற்றூர் மருத்துவமனைக் கட்டிலருகே பிறந்த அறிவு இது என்பதை இளைஞர் நெஞ்சிற் கொள்க.

ஆகலின் தாய்மார்களே, இவற்றை மறவாதீர்கள். கல்லடுக்கிலும், ஓட்டிடுக்கிலும், விறகுக் குவியலிலும், கடலைப் போரிலும் செந்தேள் பதுங்கும். கால்மிதியை உதறி அணிக. இருளில் விளக்கின்றி நடவற்க. கருத்த பெருந்தேளைக் கண்டு அஞ்சுவோம். ஆனால் அதனினும் சிறிய செந்தேளே கொடிது. கொட்டினால் கீறற்க; சுடற்க; கயிற்றால் இறுகக் கட்டற்க. வலி குறைந்ததென்று வாளா இருக்கற்க. வலி, நஞ்சின் அளவுகோல் அன்று. வியர்வை, வாந்தி, சில்லிட்ட கைகால் இவற்றுள் ஒன்று கண்டாலும் உயிர்க்கு இடுக்கண் என்று கொள்க. குழந்தையாயின் குறி தோன்றும்வரை காத்திருத்தலும் வேண்டா. 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. பிரசோசினை நீங்களே வாங்கிக் கொடுத்தலும் தவறு. குருதியழுத்தம் சட்டென விழுந்து மயக்கம் வரும். மருத்துவர் கண்காணிப்பிலேயே கொடுத்தல் வேண்டும். மந்திரிக்க வேண்டுமென்று பாட்டி சொன்னால், வண்டியில் ஏறியபின் மந்திரிக்கட்டும், வண்டி நிற்கவேண்டா.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். மடையடைக்கும் நஞ்சு கொல்லும் என்றேன்; மடையடைப்பதே மருந்தாவதும் உண்டு. நரம்பின் உறை சிதையும் நோய் ஒன்றில், உறையிழந்த இடத்தில் சாம்பரம் கசிந்து செய்தி தடைப்படும். அங்கே சாம்பர மடையை அளவோடு அடைக்கும் மருந்து, நோயாளியின் நடையை மேம்படுத்துகின்றது என்று கண்டு அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு அதற்கு இசைவளித்தனர். நஞ்சும் மருந்தும் அளவின் வேறுபாடே. அளவு அறிதலே அறிவு.

மொழிஞாயிறு பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அவர் நடந்த மண்ணில் நின்று பேசுகின்றோம். இன்று யான் சாம்பரம், உவர்மம், தூர்வு என்ற சொற்களைக் கொண்டு பேசினேன். மடை என்ற சொல்லை எவரிடமும் கடன்வாங்க வேண்டியிருக்கவில்லை. கவலையும் மதகும் குமிழும் உங்கள் வயலிலேயே கிடந்தன. இவற்றினும் நல்ல சொல் கிடைத்தால் இவற்றை விட்டுவிடுக. சொல் எதுவாயினும், கருத்து ஒவ்வொரு வீட்டின் அடுப்பங்கரைவரை சென்று சேரவேண்டும். சேராத அறிவு, தூர்ந்த மடைக்கு ஒப்பு. நீர் இருக்கும், பாயாது.

என்னை வழிமறித்துக் கேட்ட பெரியவர் அதோ பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். ஐயா, இன்றிரவு உங்கள் பேரக்குழந்தைகளிடம் செந்தேளின் குறிகளை மட்டும் சொல்லிவையுங்கள். என் தங்கைக்கு அன்று கிட்டாத அது, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டட்டும்.